ஓட்டு சொல்வதும் சொல்லாததும்

ஒரு தொழில்நுட்ப மாநாட்டின் நிகழ்ச்சி நிரலில் இடம்பிடித்த உரைகளை எல்லோரும் பார்க்கிறார்கள். இடம் கிடைக்காமல் போனவை பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. பெயர்பெற்ற மாநாடுகளுக்கு, மேடையில் இருக்கும் நேரத்தைப் போலப் பல மடங்கு விண்ணப்பங்கள் வந்து குவிகின்றன. மாநாட்டுக்குச் சில மாதங்கள் முன்பு அமைப்பாளர்கள் அழைப்பு விடுப்பார்கள். பேச விரும்புகிறவர்கள் ஒரு தலைப்பு, இரண்டு மூன்று பத்திகளில் உரையின் சுருக்கம், தங்களைப் பற்றி நாலு வரி என்று எழுதி அனுப்புவார்கள். இவற்றில் எதை எடுப்பது, எதை விடுவது? துறை அறிந்த சிலரைக் கொண்ட தேர்வுக் குழுவிடம் ஒப்படைப்பது பழைய வழி. வந்த முன்மொழிவுகள் அத்தனையையும் பொதுவில் வைத்து, கேட்க வருகிறவர்களையே ஓட்டுப் போடச் சொல்வது இன்னொரு வழி. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 1987இல் தொடங்கிய 'சவுத் பை சவுத்வெஸ்ட்' விழா, பேனல்பிக்கர் என்ற பெயரில் இப்படி ஓட்டுக் கேட்டது. பல ஆண்டுகள் அதன் கணக்கு, பொது ஓட்டுக்கு 30 சதவீதம், ஆலோசனைக் குழுவுக்கு 40, விழா அலுவலர்களுக்கு 30 என்பதாக இருந்தது. நாசாவும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் சேர்ந்து 2010இல் தொடங்கிய ஓப்பன்ஸ்டாக் மென்பொருள் திட்டத்தின் மாநாடுகளிலும் உரைகளுக்கு ஓட்டெடுப்பு நடந்தது. ஆனால் இறுதிப் பட்டியலைப் போட்டவர்கள் ஒவ்வொரு பிரிவுக்கும் பொறுப்பான சிலர். 2009இல் பெங்களூரில் தொடங்கி, 2019இல் சென்னைக்கும் வந்த பைகான் இந்தியா மாநாட்டுக்கு வந்த முன்மொழிவுகளும் யாரும் படிக்கவும் ஓட்டுப் போடவும் பொதுவில் வைக்கப்பட்டன. அங்கும் கடைசியில் முடிவெடுத்தது மதிப்பீட்டாளர் குழுதான். மூன்று இடங்களிலும் ஓட்டுக் கேட்டார்கள். மூன்று இடங்களிலும் கடைசி முடிவை ஓட்டின் கையில் விட்டுவிடவில்லை.

இது ஜனநாயகத்தில் அரைகுறை நம்பிக்கை என்று சிலருக்குத் தோன்றலாம். கட்டற்ற மென்பொருள் உலகம் ஊர் கூடித் தேர் இழுப்பதைப் போல வளர்ந்தது. அங்கே நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், கேள்வி கேட்கலாம். அப்படிப்பட்ட சமூகத்தின் மாநாட்டை மட்டும் ஏன் மூடிய அறைக்குள் ஐந்தாறு பேர் தீர்மானிக்க வேண்டும்? பணம் கட்டி, விடுப்பு எடுத்து, ரயிலேறி வருகிறவருக்குத் தான் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லும் உரிமை இல்லையா? கேள்வி நியாயமானது, அதற்குரிய மதிப்பைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் 'எதைப் பற்றிக் கேட்க ஆசைப்படுகிறீர்கள்?' என்பது ஒரு கேள்வி. 'இவர்களில் யாருடைய உரை நன்றாக இருக்கும்?' என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கூட்டத்தைவிட நன்றாகப் பதில் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. இரண்டாவதற்கு ஓட்டு சொல்லும் பதில் நம்பத்தக்கதல்ல. பொது ஓட்டால் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு எண்ணுவதால் வருகின்றன.

கூட்டத்தின் அறிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாகச் சுட்டிக்காட்டும் சான்று ஒரு மாட்டின் எடை. இங்கிலாந்தின் பிளிமத் நகரக் கால்நடைக் கண்காட்சியில் ஒரு கொழுத்த மாட்டைக் காட்டி, அதை வெட்டிச் சுத்தம் செய்தால் எவ்வளவு எடை இருக்கும் என்று போட்டி வைத்தார்கள். சரியாக நிரப்பப்பட்ட 787 சீட்டுகளைப் பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் வாங்கிக் கணக்குப் போட்டு, 1907இல் வெளியிட்டார். நடு மதிப்பு 1,207 பவுண்டு. உண்மையான எடை 1,198 பவுண்டு. நூற்றுக்கு ஒன்றுகூடத் தவறில்லை. ஆனால் அந்தக் கூட்டம் எந்த நிலைமையில் கணித்தது என்பதையும் பார்க்க வேண்டும். எல்லோரும் அந்த மாட்டை நேரில் பார்த்தார்கள். ஒருவர் எழுதியது அடுத்தவருக்குத் தெரியாது. ஆளுக்கு ஆறு பென்ஸ் கட்டணம் கட்டியிருந்ததால் யாரும் விளையாட்டுக்கு எழுதவில்லை. கணிப்பு சரியா என்று பார்க்க ஒரு தராசும் இருந்தது. மாநாட்டு ஓட்டில் இவற்றில் எதுவும் இல்லை. ஓட்டுப் போடும் நாளில் அந்த உரை பிறந்திருக்கவே இல்லை. இருப்பது அதற்கான விளம்பரம் மட்டும். கொட்டகைக்குள் போகாமல், வாசலில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் படித்து மாட்டின் எடையைச் சொல்வதற்கு இது சமம். கவர்ச்சியான தலைப்பு வைக்கத் தெரிந்தவருக்கும் முக்கால் மணி நேரம் ஒரு விஷயத்தைத் தெளிவாக விளக்கத் தெரிந்தவருக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அந்த இரண்டு பத்திச் சுருக்கம் காட்டிக்கொடுப்பதில்லை.

ஒருவர் ஓட்டு மற்றவருக்குத் தெரிந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். 2006இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களை 14,341 பேருக்குக் கேட்கக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதே தெரியாது. மீதிப் பேர் எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒவ்வோர் உலகத்திலும் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கை தெரிந்தது. தனியாகக் கேட்டவர்கள் கணக்கில் 26ஆம் இடம் பெற்ற ஒரு பாடல், ஓர் உலகத்தில் முதலிடம் பிடித்தது, இன்னோர் உலகத்தில் 40ஆம் இடத்துக்குப் போனது. மிக நல்லவை அடியோடு தோற்பதும், மிக மோசமானவை பெரிதாக ஜெயிப்பதும் அரிதுதான். ஆனால் நடுவில் இருந்தவற்றின் தலையெழுத்து, முதலில் வந்த சிலர் எதை அழுத்தினார்கள் என்பதைப் பொறுத்தே அமைந்தது. மாநாட்டு விண்ணப்பங்களிலும் கூட்டம் அதிகம் இருப்பது இந்த நடுப்பகுதியில்தான். 2013இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஒரு செய்தித் தளத்தின் கருத்துகளுக்கு ஆய்வாளர்கள் தாங்களாகவே கண்ணை மூடிக்கொண்டு ஒரு சாதக ஓட்டுப் போட்டு வைத்தார்கள். அந்த ஒற்றை ஓட்டால் அவற்றின் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் உயர்ந்தது. முதல் நாளில் நாலு நண்பர்களைத் திரட்ட முடிந்தவருக்கு ஓட்டெடுப்பு எவ்வளவு பெரிய சலுகை தருகிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இதோடு நேரத்தின் கணக்கையும் சேர்க்க வேண்டும். 500 முன்மொழிவுகள் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் படிக்க இரண்டே நிமிடம் என்றாலும், எல்லாவற்றையும் படித்து முடிக்கப் பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேலைக்குப் போகிற யாரும் அதைச் செய்யப்போவதில்லை. பட்டியலில் மேலே இருப்பதையும், தெரிந்த பெயரையும், தோழர் அனுப்பிய இணைப்பையும் திறப்பார்கள், ஓட்டுப் போடுவார்கள், மூடிவிடுவார்கள். ஆகவே ஓட்டுக் கேட்கும் மாநாடு எதுவானாலும், 'என் உரைக்கு ஓட்டுப் போடுங்கள்' என்ற பிரசாரம் பின்னாலேயே வந்துவிடுகிறது. ஆயிரம் ஊழியர்கள் உள்ள நிறுவனத்திலிருந்து விண்ணப்பிப்பவரும், தனியாக உட்கார்ந்து ஒரு நல்ல கருவியை எழுதியவரும் அந்தப் பிரசாரத்தில் சமமாக நிற்க முடியாது. இதில் ஏமாற்று எதுவும் நடக்க வேண்டிய அவசியமில்லை என்பதுதான் சிக்கல். எல்லோரும் விதிப்படி நடந்தாலே, கை அதிகம் உள்ள இடத்துக்கு மேடை போய்விடும்.

'சீட்டு வாங்கியவர்களுக்கு மட்டும் ஓட்டு என்று வைத்தால் போதுமே' என்று ஒரு யோசனை உண்டு. அறிவியல் புனைகதைக்கான ஹூகோ விருதுகளுக்கு நேர்ந்தது அந்த நம்பிக்கையைக் குலைக்கிறது. அங்கே கட்டணம் செலுத்தி உறுப்பினரானவர்கள் மட்டுமே படைப்புகளை முன்மொழிய முடியும். முன்மொழிவுகள் பல திசைகளில் சிதறிக் கிடப்பது வழக்கம். 2015இல் ஒரு தரப்பினர் முன்கூட்டியே ஒரு பட்டியலைத் தயாரித்து, ஆதரவாளர்களை அதன்படி முன்மொழியச் செய்தார்கள். எண்ணிக்கையில் சிறியவர்களானாலும், ஒரே பட்டியலில் குவிந்ததால் பல பிரிவுகளில் இறுதிச் சுற்று இடங்களை அவர்களால் நிரப்ப முடிந்தது. மற்ற உறுப்பினர்கள் இறுதி ஓட்டெடுப்பில் ஐந்து பிரிவுகளில் 'யாருக்கும் விருது இல்லை' என்று தீர்ப்பளித்தார்கள். பிறகு விதியை மாற்றினார்கள். 2017 முதல், ஒருவர் ஒரு பிரிவில் எத்தனை படைப்புகளை முன்மொழிந்தாலும் அவருக்கு மொத்தம் ஒரே புள்ளி. போட்டியில் மிஞ்சி நிற்கும் அவருடைய தேர்வுகளுக்குள் அது பங்கு போடப்படும். எண்ணும் முறையே தவறாக இருந்தால், கட்டண வாசல் வைத்துப் பயனில்லை என்று அவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

எண்ணும் முறை தவறு என்பதை மாநாட்டுக்கே பொருத்திப் பார்க்கலாம். பிரசாரமே இல்லை, எல்லோரும் மனசாட்சிப்படி ஓட்டுப் போடுகிறார்கள் என்றே கொள்வோம். வருகிற ஆயிரம் பேரில் 600 பேர் வலைத்தளம் கட்டுகிறவர்கள், 250 பேர் தரவுத்தளக்காரர்கள், 150 பேர் பாதுகாப்புத் துறையினர். ஒவ்வொருவரும் தம் துறை உரைகளுக்கு ஓட்டுப் போட்டால், முதல் இருபது இடங்களில் இருபதும் வலைத்தள உரைகளாகவே இருக்கும். 400 பேர் பணம் கட்டி வந்து தாழ்வாரத்தில் காபி குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான். இருபது நல்ல உரைகளை அடுக்கிவிட்டால் நல்ல மாநாடு ஆகிவிடாது. இருபது பேரும் ஒரே சாம்பார் கொண்டுவந்தால் அது விருந்தாகாது. தொடக்க நிலையினருக்கு ஒன்று, கைதேர்ந்தவர்களுக்கு ஒன்று, இதுவரை யாரும் கேள்விப்படாத ஒன்று என்று நிகழ்ச்சி நிரலைச் சமைக்க வேண்டியிருக்கிறது. கேள்விப்படாத விஷயத்துக்கு ஓட்டு விழாது என்பது கண்கூடு. ஆனால் மாநாட்டுக்குப் போய்வந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் நினைவு வைத்திருப்பது பல சமயம் அப்படிப்பட்ட உரையைத்தான்.

இந்த இடத்தில் ஓட்டை ஆதரிப்பவர்கள் மிகக் கூர்மையான கேள்வியை வைப்பார்கள். ஓட்டு குறையுள்ளது, சரி. உங்கள் குழு மட்டும் என்ன யோக்கியம்? இதைத் தட்டிக்கழிக்க முடியாது. இயந்திரக் கற்றல் துறையின் முதன்மையான ஆய்வு மாநாடு, 2014இல் தன்னைத் தானே சோதித்துப் பார்த்தது. தனக்கு வந்த கட்டுரைகளில் 166ஐத் தேர்ந்தெடுத்து, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு குழுக்களிடம் கொடுத்தது. ஏறத்தாழ நாலில் ஒரு கட்டுரையில் இரண்டு குழுக்களும் நேரெதிரான முடிவுக்கு வந்தன. ஒரு குழு ஏற்றுக்கொண்ட கட்டுரைகளில் பாதிக்கு மேல் மற்றொரு குழுவின் கையில் நிராகரிக்கப்பட்டன. தேர்ந்த நிபுணர்கள், முழுக் கட்டுரையையும் படித்த பிறகு, இந்த நிலை. குழுவுக்குப் பெயர் மயக்கமும் உண்டு. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியில் நேரம் கேட்டு வரும் விண்ணப்பங்களில் ஆண்கள் தலைமையிலானவற்றின் வெற்றி விகிதமே தொடர்ந்து சற்றுக் கூடுதலாக இருந்து வந்தது. 2018இல் விண்ணப்பதாரர் பெயரை மதிப்பீட்டாளர்களிடமிருந்து மறைத்தார்கள். அந்தச் சுற்றில் பெண்கள் தலைமையிலானவை 8.7 சதவீதமும், ஆண்கள் தலைமையிலானவை 8.0 சதவீதமும் தேறின. ஒரே சுற்றின் சிறிய வேறுபாட்டிலிருந்து பெரிய முடிவுக்குத் தாவக் கூடாது. ஆனாலும் பெயருக்கு எடை இருந்ததா என்ற கேள்வியை அது எழுப்பத்தான் செய்கிறது.

குழுவின் குறைகளை இப்படி ஒப்புக்கொண்ட பிறகும், இரண்டுக்கும் இடையே ஒரு முக்கியமான வேறுபாடு மிஞ்சுகிறது. குழுவின் குறையைக் கண்டுபிடிக்கலாம், திருத்தலாம். மேலே சொன்ன இரண்டு செய்திகளும் அப்படித் திருத்த முனைந்தவர்களால்தான் நமக்குக் கிடைத்தன. பெர்லினில் நடந்த ஜேஎஸ்கான்ஃப் ஐரோப்பிய மாநாட்டினர் 2012இல் பெண்களைத் தேடிப்போய் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். வந்த விண்ணப்பங்களிலிருந்து பெயர்களை நீக்கிவிட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். பேச்சாளர்களில் நாலில் ஒருவர் பெண்ணாக அமைந்தார். ஐந்து பேர் கொண்ட குழுவிடம் 'ஏன் இதை விட்டீர்கள்?' என்று கேட்கலாம், பதில் சொல்லச் சொல்லலாம், அடுத்த ஆண்டு ஆளை மாற்றலாம். ஓர் உரைக்கு விழுந்த 312 ஓட்டுகளிடம் எதையும் கேட்க முடியாது. அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது ஆர்வமா, நட்பா, நிறுவன விசுவாசமா, பட்டியலில் இருந்த இடமா என்று பிரித்தறிய வழியில்லை. ஓட்டு வெளிப்படையானது என்கிறோம். உண்மையில் அதில் வெளிப்படையாக இருப்பது எண்ணிக்கை மட்டும், காரணம் அல்ல.

ஓட்டு மிக நன்றாக வேலை செய்யும் இடமும் உண்டு. 2005இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் தொடங்கி, அடுத்த ஆண்டே சென்னைக்கும் வந்த பார்கேம்ப் கூடல்களில் முன்கூட்டியே நிகழ்ச்சி நிரல் கிடையாது. வந்தவர்கள் காலையில் எழுந்து நின்று என்ன பேசப்போகிறோம் என்று சொல்வார்கள், பலகையில் எழுதி ஒட்டுவார்கள், விருப்பமுள்ளவர்கள் அந்த அறைக்குப் போவார்கள். ஹாரிசன் ஓவன் 1980களில் வகுத்த 'ஓப்பன் ஸ்பேஸ்' கூட்ட முறையின் விதியும் இதுவே: பயன் தராத இடத்தில் உட்கார்ந்திருக்காதே, உன் இரண்டு கால்களையும் பயன்படுத்து. இங்கே ஓட்டுப் போடுகிறவர் பேசுகிறவரின் முகத்தைப் பார்க்கிறார். தவறிப்போனால் நஷ்டம் பத்து நிமிடம். சிறுபான்மைத் துறையினருக்கும் ஓர் அறை கிடைத்துவிடுகிறது. மூன்று மாதம் முன்பே அச்சிட்டு, விமானச் சீட்டுப் போட்டு, பெரிய அரங்கில் நடத்தும் மாநாட்டில் இந்தப் பாதுகாப்புகள் எதுவும் கிடையாது.

ஓட்டு, குழு இரண்டையும் சொன்ன பிறகு மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அது தமிழர்களுக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) கூறும் குடவோலை முறையை நாம் மக்களாட்சித் தேர்தல் என்று பெருமையோடு குறிப்பிடுகிறோம். கூர்ந்து படித்தால் அதில் ஓட்டே இல்லை. முதலில் தகுதி: சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதக் கல்வி. பிறகு தடை: கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர், கணக்குக் காட்டாதவர், அவருடைய உறவினர் ஆகியோருக்கு இடமில்லை. எஞ்சியவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றுமறியாத சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். சொத்தும் வேதமும் கேட்ட அந்தத் தகுதிகளை இன்று யாரும் ஏற்கமாட்டோம். ஆனால் வடிகட்டு, மாற்றிக்கொண்டே இரு, வேறுபாடு காண முடியாத இடத்தில் சீட்டுப் போடு என்ற கட்டுமானம் நுட்பமானது. நியூசிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2013இல் ஒரு வகை நல்கைக்கு, தகுதி பார்த்த பிறகு குலுக்கல் முறையையே கையாளத் தொடங்கியது. இரண்டு நிபுணர் குழுக்கள் ஒத்துப்போகாத அந்த நடுப்பகுதி விண்ணப்பங்களுக்கு, நிபுணத்துவம் போல வேடமிட்ட அதிர்ஷ்டத்தைவிட வெளிப்படையான குலுக்கல் நேர்மையானது.

ஆகவே மாநாடு நடத்துகிறவர்கள் ஓட்டைக் கைவிட வேண்டியதில்லை. அதற்கு ஏற்ற வேலையைக் கொடுத்தால் போதும். விண்ணப்பம் கேட்பதற்கு முன்பே, எந்தத் துறைகளைப் பற்றிக் கேட்க விரும்புகிறீர்கள் என்று சமூகத்திடம் கேட்கலாம். விண்ணப்பங்கள் வந்த பிறகு ஓட்டு வைப்பதானால், பெயரை மறைத்து, ஆளாளுக்கு வரிசையை மாற்றிக் காட்டி, எண்ணிக்கையை முடிவு வரை மூடிவைத்து, 'இது சிறந்ததா?' என்று கேட்காமல் 'இது நடந்தால் போய் உட்காருவீர்களா?' என்று கேட்கலாம். எந்த உரைக்குப் பெரிய அரங்கம், எதற்குச் சிறிய அறை என்பதை அந்த விடையே சொல்லிவிடும். மறைப்பது சமூகத்துக்கு விரோதமல்லவா என்றால், அல்ல. தேர்தலிலும் வாக்குப்பதிவு முடிவதற்குள் யார் முந்துகிறார் என்று வாக்குச்சாவடியில் பலகை வைப்பதில்லை. எல்லாம் முடிந்த பிறகு எண்களை மொத்தமாக வெளியிட்டுவிடலாம். தேர்வுக் குழு ஆண்டுக்கு ஆண்டு மாற வேண்டும். கூட்டத்தின் விருப்பத்திலிருந்து எங்கே விலகியது, ஏன் விலகியது என்று அது எழுதித் தர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இடம் கிடைக்காத ஒவ்வொருவருக்கும் காரணம் சொல்லும் இரண்டு வரிகள் போய்ச் சேர வேண்டும். முதல் முறையாகத் துணிந்து விண்ணப்பித்த ஓர் இளம் பொறியாளர் அடுத்த ஆண்டு மறுபடி எழுதுவாரா என்பதை அந்த இரண்டு வரிகள்தான் தீர்மானிக்கும். அவற்றை எழுத, அவர் அனுப்பியதை முழுதாகப் படித்த ஒரு மனிதர் வேண்டும். மாநாட்டுக்கு அழைப்பு விடுப்பதற்கு முன், அப்படிப் படிக்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அமைப்பாளர்கள் முதலில் எண்ணிப் பார்க்கட்டும்.